பொதிகை உச்சிக்கு நம் பக்கத்துப் பாதை இப்போது வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திருநெல்வேலிப் பக்கத்தில் காரையாறு வழியாகப் பொதிகை உச்சிக்குச் செல்லும் பழைய பாதையைத் திறந்துவிட வேண்டும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அகத்தியரும் தாமிரபரணியும் நமக்குச் சொந்தமாக இருக்க, கேரளத்துக்குப் போய் அனுமதிக்குக் காத்து நிற்பதா என்பது அவருடைய ஆதங்கம். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் மேற்கே அந்த மலைகளைப் பார்த்தே ஐம்பது வயதைக் கடந்தவள் நான். சில ஆண்டுகளுக்கு முன்பு என்றால் அவர் கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஏறி இறங்கிய பிறகு என் மனம் மாறிவிட்டது.

பெண்களை அந்த மலைக்கு விடாமல் வைத்திருந்தார்கள். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2019 ஜனவரியில்தான் பெண்கள் ஏறத் தொடங்கினார்கள். அப்போதே எனக்கு ஆசை. தங்கை மகளும் நானும் ஒரு ஜனவரியில் திருவனந்தபுரம் போய், விதுரை வழியாகப் போனக்காடு சேர்ந்தோம். நாளொன்றுக்கு நூறு பேர் என்ற அளவில்தான் அனுமதி; உடல்நலச் சான்றிதழ் கட்டாயம். வனத்துறைச் சாவடியில் என் பையைக் கவிழ்த்துப் பார்த்த பெண் ஊழியர், அடியில் கிடந்த ஷாம்பு பாக்கெட் ஒன்றை எடுத்துத் தனியே வைத்துவிட்டார். ஒரு ரூபாய்ப் பாக்கெட்டுக்கு இவ்வளவா என்று அப்போது எரிச்சலாக இருந்தது.

முதல் நாள் நடை அதிருமலை முகாம் வரை. லாத்திமொட்டை, கரமனையாறு, அட்டையாறு என்று வரிசையாக ஓடைகள். பிறகு வெயில் காயும் புல்வெளி. அதற்கப்புறம் ஏழுமடக்கன் தேரி, முட்டிடிச்சான் தேரி. முழங்கால் முட்டு மோவாயில் இடிக்கும் ஏற்றம் என்பதால் அந்தப் பெயராம். மலையாள நாட்டுக்குள் இருந்தாலும் எங்கள் ஊர்ப் பாட்டிகள் வைத்த பெயர் போலவே காதில் விழுந்தது. முகாமில் இரவு முழுக்கக் காற்று தகரத்தை அறைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை ஈரம் சொட்டும் சோலைக்குள் ஏறிப் பொங்காலைப் பாறைக்கு வந்தோம். அந்த இடத்தைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். பாறையின் மேல் கண்ணாடித் தாள் போலத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஓடையென்று சொல்ல முடியாது, சத்தமே இல்லை. பாசியில் உள்ளங்கையைப் பதித்தேன். பஞ்சை அமுக்கியது போல விரலிடுக்கில் நீர் பொங்கியது, கையை எடுத்ததும் பாசி மெல்ல நிமிர்ந்துகொண்டது. மழை பெய்து பல நாளாயிற்று என்றார் வழிகாட்டியாக வந்த, அந்த மலையின் பழங்குடியான காணிக்காரர். பங்குனி வெயிலிலும் எங்கள் ஆற்றில் தண்ணீர் ஓடுவது எப்படி என்பது அந்தப் பாசியைத் தொட்டபோதுதான் எனக்கு விளங்கியது. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணீர் இப்படிச் சொட்டுச் சொட்டாகத்தான் கிளம்புகிறது.

அதற்கு மேல் செங்குத்துப் பாறைகளில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். நனைந்த கயிறு உள்ளங்கையைத் தேய்த்துவிட்டது. 1,868 மீட்டர் உயரத்தில், காற்றில் குறுகிப்போன மரங்களுக்கு நடுவே அகத்தியர் சிறிய சிலையாக இருக்கிறார். அங்கே பூஜை செய்ய அனுமதியில்லை, கையெடுத்துக் கும்பிட்டேன். மூடுபனி சற்று விலகியபோது கிழக்கே, மடிப்பு மடிப்பாக இறங்கும் காட்டுக்குக் கீழே, ஒரு துண்டு நீர் மினுங்கியது. காரையாறு அணை என்றார் காணிக்காரர். இடையில் ஒரு கூரை கிடையாது, ஒரு ரோடு கிடையாது. என்னையறியாமல் அழுதுவிட்டேன்.

ஊர் திரும்பிய அந்த வாரமே தை அமாவாசை. அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க அண்ணனோடு பாபநாசம் படித்துறைக்குப் போனேன். இரண்டாம் படியில் இறங்கியதும் காலில் ஏதோ சுற்றிக்கொண்டது. இழுத்தால் ஒரு சேலை. அதோடு முறுக்கிக்கொண்டு வேட்டி, சேறு நிறைந்த ஒரு போர்வை. பரிகாரம் என்று ஆற்றில் விட்ட துணிகள். படியெங்கும் ஷாம்பு பாக்கெட்டுகள். போனக்காட்டில் என் பையிலிருந்து எடுத்த அதே பாக்கெட்.

சொரிமுத்து அய்யனார்தான் எங்களுக்கும் குலதெய்வம். ஆடி அமாவாசைக்குக் குடில் போட்டுத் தங்கியிருக்கிறோம். கூட்டம் கலைந்த பிறகு அந்த ஆற்றங்கரை எப்படிக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள்தான் அந்தக் கோவிலும் இருக்கிறது. கோவில் வரைக்கும் இதைச் செய்கிற நாம், உச்சி வரைக்கும் வழி கிடைத்தால் என்ன செய்வோம்?

பாதை திறந்தால் நம் பக்கத்துக் காணி மக்களுக்கு வழிகாட்டி வேலை கிடைக்கும் என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். அது நியாயமான வாதம். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் மலை ஏற ஆசைப்படுபவருக்குப் போனக்காடு வழி இருக்கவே இருக்கிறது. ஊற்றுப் பக்கம் கெட்டுவிட்டால் ஆற்றுக்கு வேறு வழி இல்லை. படித்துறையில் ஓர் ஆண்டு முழுக்கத் துணி விழாமல் நாம் காத்துக் காட்டிய பிறகு பாதையைப் பற்றிப் பேசலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆடி அமாவாசைக்கு முந்தைய நாள், நனைந்த துணியை வீட்டுக்கே எடுத்துச் செல்லுங்கள் என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வெளியிடுங்கள். எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் அன்று விடியற்காலையிலிருந்து படித்துறையில் சாக்குப் பைகளோடு நிற்கப்போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விக்கிரமசிங்கபுரம்