முன்னால் ஏறிப்போன தம்பிமாருக்கு

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து வான் பிடித்து மலையேற்றப் பயணம் ஒழுங்கு செய்கிற தம்பி, தங்கைமாருக்கு,

கல்லடியிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 54 வயது, மனைவிக்கு 50. பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். ஆளையாள் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தது போதும் என்று, போன புரட்டாசியில் உங்களைப் போன்ற ஒரு குழுவோடு றிவர்ஸ்டனுக்குப் போனோம். எந்தக் குழு என்பது வேண்டாம். சண்டை பிடிக்க எழுதவில்லை.

றிவர்ஸ்டன் இருக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். காற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, "லேசான நடைதான், சின்னப் பிள்ளையும் ஏறும்" என்றார்கள். மனைவி இறப்பர் செருப்போடு வந்தாள். நான் குடை கொண்டுபோனேன். மலைக்குக் குடையா என்று சிரிப்பீர்கள். சரி, சிரியுங்கள்.

ரத்தோட்டை தாண்டி வளைவுகளில் ஏறும்வரை பாட்டும் கைதட்டலும்தான். றிவர்ஸ்டனில் வான் கதவைத் திறந்ததும் பாட்டு நின்றது. பாதையோரத்து மரங்கள் பாசி பிடித்து, கூனி, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. கிழட்டு மரம் ஒன்று என் தோளுக்குத்தான் வந்தது. பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றினால் கோப்பைக்குள் விழவில்லை, பக்கத்தில் நின்ற பொடியனின் சட்டைக்குப் போனது. குடை ஐந்து நிமிடத்தில் வெறும் கம்பி.

பாறை மறைவு ஒன்றில் ஒதுங்கியபோது மனைவி கேட்டாள்: "இஞ்சாருங்க, இது நம்மட கச்சான் காத்துதானே?"

அதேதான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, கொண்டுவந்த மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. பிறகு வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்கும்போது கிலோமீற்றருக்குப் பத்துப் பாகை அளவில் சூடேறுகிறது. நம் வயலை வெடிக்கவைத்து உதட்டைக் காயவைக்கிற கச்சான் அப்படித்தான் வருகிறது. இத்தனை வருடமும் வாலைத்தான் கண்டிருந்தோம், தலையை அன்றைக்குத்தான் பார்த்தோம். பையில் கச்சான் சரை ஒன்று இருந்தது, நிலக்கடலைக்கும் நம்மிடம் அதே பெயர்தானே. கச்சானுக்குள் நின்றபடி கச்சான் கொறித்தோம்.

அந்தச் சிரிப்பு முடியுமுன் பனிப்புகார் மூடியது. பத்தடிக்கு அப்பால் பாதை தெரியவில்லை. வழிகாட்டித் தம்பி விசிலோடு முன்னுக்குப் போய்விட்டார், பின்னுக்கு ஒருவரும் இல்லை. கூப்பிட்டால் நம் குரல் நமக்கே கேட்காது. மனைவியின் செருப்பு வார் வேறு அறுந்தது. தாலிக்கொடியில் எப்போதும் தொங்கும் பின் ஒன்றைக் கழற்றிக் குத்திக்கொண்டாள். முக்கால் மணித்தியாலம் பார்த்துவிட்டு, நனைந்த சால்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்தபடி இறங்கினோம்.

இரண்டு மணித்தியாலம் கழித்துக் குழு வந்தது. "அங்கிள், ஏறலையா? வடிவான இடத்தை விட்டிட்டீங்களே" என்றார்கள். அன்றிரவு "அனைவரும் ஏறி முடித்தோம்" என்று படம் போட்டார்கள். படத்தில் நாங்கள் இல்லை. எங்களைத் தேடாததுகூடப் பரவாயில்லை தம்பி, இரண்டு பேர் குறைகிறார்கள் என்றே ஒருவருக்கும் தெரியாமல் இருந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

நடக்கத் தெரியாத சனமா நாம்? கதிர்காமப் பாதயாத்திரைக்கு உகந்தையிலிருந்து குமண, யால காடுகளுக்குள்ளால் நடக்கிறவர்கள் நம் ஆட்கள்தானே. என் மாமியார் நடந்திருக்கிறார். காலில் கொப்புளம் போட்ட கிழவி எங்கே உட்காருகிறாளோ அங்கேதான் அன்றைய தங்கல் என்பார். மலைக்கும் அதுதான் கணக்கு. உங்களில் ஒருவர் கடைசியாக நடக்க வேண்டும், அவருடைய கையிலும் ஒரு விசில் இருக்க வேண்டும். திரும்புகிறேன் என்பவரைக் கேலி செய்யாமல் கூட ஓர் ஆளை அனுப்புங்கள். காற்று, குளிர், அட்டை, சப்பாத்து எல்லாவற்றையும் காசு வாங்குமுன் சொல்லுங்கள். சொன்னால் ஆள் குறையும் என்று பயப்பட வேண்டாம், நாங்கள் வருவோம்.

மனைவி சப்பாத்து வாங்கிவிட்டாள். மாசியில் வான் போனால் இரண்டு இருக்கை வையுங்கள். கடைசியில் நடக்க ஆள் கிடைக்காவிட்டால் நான் நடக்கிறேன், விசிலை மட்டும் தாருங்கள்.

இப்படிக்கு,
படத்தில் இல்லாத இருவர்