ஏட்டையாவின் மேஜைக்கு எங்கள் தெருக்களின் நன்றி

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் என்றால் தாமிரபரணிக் கரையில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். படகோடு வந்த மீனவர்கள், பள்ளிக்கூடத்தில் பொங்கிப் போட்டவர்கள், சேறு வழித்த தூய்மைப் பணியாளர்கள், கம்பத்தில் ஏறி நின்ற மின்வாரியத்தார், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

எங்கள் வார்டு கவுன்சிலருக்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காவல்துறையில் ஓய்வு பெற்று, 2022 தேர்தலில் ஜெயித்தவர். இன்னமும் எல்லோருக்கும் ஏட்டையாதான். ஸ்டேஷனில் நெடுங்காலம் ரைட்டராக, புகாரும் பதிவேடும் எழுதிய கை அவருடையது. அரிசியும் போர்வையும் பலர் கொடுத்தார்கள். இவர் பள்ளி வராந்தாவில் ஒரு மேஜையைப் போட்டு, வெள்ளைத்தாளும் கார்பனும் வைத்துக்கொண்டு, ஆவணம் போனவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தார். அந்த நேரத்தில் அதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

உட்கார்ந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி: “பேப்பர் கையில இருக்கா, தண்ணியோட போயிட்டா?” நனைந்து சிதைந்த பத்திரம் வீட்டில் இருக்கும்போதே பலர் ‘காணவில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். காணவில்லை என்றால் போலீஸ் தேட வேண்டும். வேறெங்கோ அடமானத்தில் இருக்குமோ என்று பேங்கிலும் சந்தேகம் வரும். சிதைந்ததைச் சிதைந்தது என்றே எழுதி, மிச்சத் துண்டுகளை ஒரு உறையில் போட்டு வைக்கச் சொன்னார். மனுவில் என்ன ஆவணம், அதன் எண், கொடுத்த அலுவலகம், போன தேதி, இடம் எல்லாம் வர வேண்டும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றை ஸ்டேஷனில் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும்.

பத்திர எண் தெரியாமல் அழுதவர்களுக்கும் வழி வைத்திருந்தார். சர்வே எண் இருந்தால் வில்லங்கச் சான்று போடலாம். ஆவண எண்ணும் ஆண்டும் அதிலேயே வந்துவிடும். அதைக் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்கலாம். வீட்டுவரி ரசீதில் இருப்பது வரிவிதிப்பு எண், அதை வைத்துத் தேடினால் கிடைக்காது. நகர்ப்புறம் என்றால் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் மூன்றும் வேண்டும். சர்வே எண்ணே தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் பத்திரத்தைப் பார்க்கச் சொன்னார். அதில் அவர் மனையின் சர்வே எண் இருக்கும், நான்கெல்லையில் நம் பெயரோ அப்பா பெயரோ இருக்கும். தேடலை அங்கிருந்து தொடங்கலாம். எத்தனையோ வீடுகளுக்கு விடை அடுத்த வீட்டுப் பெட்டியிலேயே இருந்தது.

மதிப்பெண் பட்டியலுக்குத் தேர்வு எண்ணும், எழுதிய மாதமும் ஆண்டும் முக்கியம். ஆதார், ரேஷன் அட்டை, பட்டா இவற்றுக்குப் பதற வேண்டாம், விவரம் கணினியில் இருக்கிறது என்று அனுப்பிவைத்தார்.

காக்கி கழற்றியவர்கள் கவுன்சிலரானால் அதட்டல்தான் மிஞ்சும் என்று பேசியவர்கள் உண்டு. ஒரு பாட்டியின் பட்டா எண்ணை மூன்று முறை சரிபார்த்து எழுதிய பொறுமையை அவர்களும் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீடு வீடாகப் போய், ஆவண எண்களை மட்டும் ஒரு நோட்டில் குறித்து, அதை வேறு ஊர்ச் சொந்தக்காரரிடமும் ஒரு பிரதி கொடுத்து வைக்கச் செய்வது என்று தெருக்கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறோம்.

ஈரப் பத்திரம் இன்னும் வைத்திருப்பவர்கள் தாள்களைப் பிய்த்துப் பிரிக்காதீர்கள். வெயிலில் போடவோ இஸ்திரி தேய்க்கவோ லேமினேட் செய்யவோ வேண்டாம். நிழலில், இடையிடையே அச்சில்லாத வெள்ளைத்தாள் வைத்து, ஈரம் ஏறியதும் மாற்றுங்கள். காய்ந்த பிறகு அப்படியே எடுத்து வாருங்கள், மேஜை இன்னும் வராந்தாவில்தான் இருக்கிறது.