ரெசலூஷனைக் குறைக்காதீர்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கணினிக்கூடத்துப் பழைய கணினிகளைத் தூக்கிப் போடாமல் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிப் புழங்குவது நல்ல காரியம். ஆனால் தமிழ் எழுத்து பொடியாகத் தெரிகிறது என்றதும் பலரும் முதலில் ரெசலூஷனில்தான் (திரை எத்தனை புள்ளிகளில் படம் காட்ட வேண்டும் என்ற அமைப்பு) கை வைத்துக் குறைக்கிறார்கள். எழுத்து மங்குகிறது. அடுத்த கூட்டத்தில் புதுத் திரைக்குத் தீர்மானம் வருகிறது. அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

எல்சிடி திரையில் பிக்சல்களின், அதாவது ஒளிப் புள்ளிகளின், எண்ணிக்கை மாறாது. 18.5 அங்குலத் திரை என்றால் பெரும்பாலும் 1366க்கு 768 (அகலத்தில் 1366, உயரத்தில் 768 பிக்சல்). அதில் 1024க்கு 768 வைத்துப் பாருங்கள்: உயரத்தில் எழுத்து இம்மியும் வளராது, அகலத்தில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு உப்பும். ஒரு பிக்சலின் கருமை பக்கத்துப் பிக்சலிலும் கசிவதால் ஓரமெல்லாம் சாம்பல் பூத்துவிடும். மூன்று சுழி ‘ண’ எது, இரண்டு சுழி ‘ன’ எது என்றே தெரியாது. ஆண்டு 1 பிள்ளை இதைப் பார்த்து எப்படி எழுத்துக்கூட்டும்?

ஆகவே, ரெசலூஷன் திரையின் சொந்த அளவிலேயே இருக்கட்டும். கூட்ட வேண்டியது டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று எழுத்தின் அளவைக் கணக்கிடும் எண். எக்ஸ்எஃப்சிஇ (பழைய கணினிக்கு ஏற்ற லினக்ஸ் முகப்பு) டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸ், அப்பியரன்ஸ், ஃபாண்ட்ஸ் என்று போனால் ‘கஸ்டம் டிபிஐ’ இருக்கும். வழக்கமாக அதில் 96 நிற்கும். அந்தக் கணக்கில் 10 பாயின்ட் எழுத்துக்குச் சுமார் 13 பிக்சல் உயரம்தான் கிடைக்கும். ஆங்கிலம் அதில் சமாளித்துக்கொள்ளும். ‘கீ’, ‘மூ’ என்று மேலும் கீழும் விரியும் தமிழுக்குப் பற்றாது. 120 வைத்தால் ஏறக்குறைய 17 பிக்சல். ஆசைப்பட்டு 144க்குப் போக வேண்டாம்; 768 உயரத்தில் ‘ஓகே’ பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். அப்படி ஆகிவிட்டால் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சன்னலை மவுஸால் மேலே இழுக்கலாம்.

அதே பக்கத்தில் எழுத்தோரத்தை வழவழப்பாக்கும் ஆன்டி-அலியாசிங் போட்டிருக்கட்டும். எழுத்தைப் பிக்சல் கட்டத்தோடு பொருத்தும் ஹின்டிங் ‘ஸ்லைட்’ போதும். ‘ஃபுல்’ வைத்தால் வளைவுகளைப் பிக்சல் கட்டத்துக்குள் திணிக்கப் பார்த்து, சுழிகள் கோணலாகலாம். விஜிஏ (பழைய வகைத் திரை இணைப்பு) கம்பியில் ஓடும் திரையில் எழுத்தோரம் சிவப்பு, நீலம் தட்டினால் சப்-பிக்சலை (பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகளைத் தனித்தனியே பயன்படுத்தும் அமைப்பு) ‘நன்’ ஆக்குங்கள். ஃபாண்ட் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ்.

ஃபயர்பாக்ஸில் தமிழுக்கென்றே ஒரு வசதி உண்டு, யாரும் தொடுவதில்லை. செட்டிங்ஸில் ஃபாண்ட்ஸ், அட்வான்ஸ்டு போய், மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்து, குறைந்தபட்ச அளவை 14 ஆக்குங்கள்.

இத்தனையும் மாணவர் கணக்கில் நுழைந்து செய்ய வேண்டும். நிர்வாகி கணக்கில் செய்தால் நிர்வாகிக்கு மட்டும்தான் பெரிதாகத் தெரியும். கெஸ்ட் கணக்கில் செய்தால் வெளியேறியதும் அழிந்துவிடும். மாற்றியபின் ஒருமுறை லாக்-அவுட் செய்து திரும்ப நுழையுங்கள்.

ரெசலூஷன் பட்டியலில் 1366க்கு 768 வரவே இல்லையா? திரை தன் அளவைக் கணினிக்குச் சொல்ல முடியாமல் தவிக்கிறது. பெரும்பாலும் விஜிஏ கம்பியில் ஊசி வளைந்திருக்கும், அல்லது திருகு தளர்ந்திருக்கும். முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள். புரொஜெக்டரில் ‘மிரர்’ (கணினித் திரையில் உள்ளதையே காட்டுவது) போட்டுப் பாடம் நடத்தினாலும் ரெசலூஷன் இறங்கும். கழற்றியதும் பழைய அளவுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள்.

திரை வாங்கும் தீர்மானத்துக்கு முன், ஒரே ஒரு கணினியில் இதைச் செய்து கூட்டத்துக்குக் கொண்டுவந்து வையுங்கள்.

இப்படிக்கு,
வட்டாரப் பள்ளிக் கணினிகளைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள்