ஒரு புரவிக்குப் பத்துக் கை

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

உன்னிடம் வரும் பிள்ளைகள் சேர்ந்து மண்குதிரை செய்ய நீ கேட்ட மண்ணை நேற்று ராத்திரி பெங்களூர் பஸ்ஸில் போட்டுவிட்டேன். ஒரு சாக்கு, 20 கிலோ. கண்மாய் மண்ணைக் காயவைத்து, இடித்து, சலித்து, நாலு பங்குக்கு ஒரு பங்கு பொடிமணல் சேர்த்திருக்கிறேன். சலிக்கும்போது தேடித் தேடிப் பொறுக்க வேண்டியது சுக்கான் கல். மிளகளவு தங்கினாலும் சூளையில் வெந்து சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துப் பூரித்து, நன்றாக வெந்த பொம்மையின் தோலைக்கூடப் பத்து நாள் கழித்துப் பெயர்த்துத் தள்ளும். அங்கே வேறு மண் வாங்கினாலும் இதை மட்டும் பார்த்து வாங்கு.

தொட்டியில் முதலில் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றிவிட்டு, மண்ணைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவு. மண்ணைக் கொட்டி அதன் மேல் தண்ணீர் விட்டால் கட்டி தட்டும். ஒரு ராத்திரி ஊறட்டும். மறுநாள் மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்துப் பரப்பி, அவ்வப்போது புரட்டிவிடு. உள்ளங்கையில் ஒட்டாத பதம் வந்ததும் மிதித்துப் பிசை. பென்சில் கனத்துக்கு ஒரு திரி உருட்டி ஆள்காட்டி விரலில் சுற்றிப் பார். வெடித்தால் ஈரம் போதாது, விரலில் அப்பினால் இன்னும் காயணும். பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் வைத்தால் புளித்து, இழுவை கூடும். வாடை வரும், பயப்படாதே. இதில் 24 கிலோ பிசைந்த மண் கிடைக்கும். ஒண்ணேகால் அடிக் குதிரை ஒன்றுக்கு 12 கிலோ. உன் பத்துப் பிள்ளைகளுக்கும் ஐந்து பேருக்கு ஒன்றாக இரண்டு குதிரை.

இப்போது முக்கியமான விஷயம். "நீ தலை செய், நீ வால் செய்" என்று பங்கு பிரித்துக் கொடுக்காதே ஆத்தா. தலைக்குச் சண்டை வரும் என்பது ஒரு பக்கம். ஐந்து பேர் ஐந்து மூலையில் செய்த உறுப்புகள் ஐந்து விதமாகக் காய்ந்திருக்கும், அதுதான் பெரிய தொல்லை. காய்ந்த மண் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். ஈர மண் இனிமேல்தான் சுருங்கும். இரண்டையும் ஒட்டினால் இன்றைக்கு நிற்கும், நாலாம் நாள் அந்த இடத்தில் கோடு விழும். எந்த உறுப்பானாலும் எல்லாரும் ஒரே நேரத்தில் அதையே செய்யட்டும்.

நம் பக்கத்தில் அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை எடுத்துப்போகும் புரவியெடுப்புக்கு முன்னால், ஊர்க்காரர்கள் ஒரு பிடி மண்ணைப் பிடிமண்ணாகக் கொடுத்த பிறகுதானே குதிரை செய்யும் வேளார் வேலையைத் தொடங்குவார்கள்? அதையே அங்கே செய். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பிடி மண் எடுத்து நடுவில் போடட்டும். எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்த பிறகு "இது என் மண்" என்று யாரும் பிடித்திழுக்க முடியாது.

முதல் நாள் கால்கள். பத்திரிகைத் தாளைக் குழலாகச் சுருட்டி, அதன் மேல் அரை அங்குலக் கனத்துக்கு மண்ணைத் தட்டிச் சுற்றணும். குச்சி வேண்டாம். மண் சுருங்கும்போது குச்சி இடம் கொடுக்காது, கால் நீளவாக்கில் பிளக்கும். தாள் நசுங்கிக்கொடுக்கும், சூளையில் எரிந்தும் போகும். நாலு காலையும் அரை அடியில் நைலான் நூலால் ஒரே மட்டமாக அறு. சாக்கின் மேல் வைத்துத்தான் வேலை நடக்கணும். ஆத்தங்குடிக் கல் மாதிரி வழவழப்பான தரையென்றால் மண் ஒட்டிக்கொண்டு கால் நகராது, சுருங்க வழியில்லாமல் வெடிக்கும். ஈரத்துணி போர்த்தி ஒரு ராத்திரி விட்டால் பாரம் தாங்கும் அளவுக்கு இறுகும். ஆளுயரப் புரவியானாலும் அடி இறுகாமல் மேல் மண் ஏற்றுவதில்லை.

இரண்டாம் நாள் வயிறு. கால்களுக்கு நடுவில் தாள் சுற்றிய செங்கல்லை முட்டுக்கொடுத்து, தட்டையாகத் தட்டிய மண்ணை மேலே படுக்க வை. இந்த ஒட்டுக்குத்தான் இரண்டு ஆள் வேணும். ஒட்டும் இரண்டு முகத்தையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் குறுக்கும் நெடுக்கும் கீறி, தோசை மாவுப் பதத்தில் கரைத்த மண் குழம்பைத் தடவச் சொல். ஒரு பிள்ளை உள்ளே விரலை விட்டு அணைகொடுக்கும், இன்னொன்று வெளியே கட்டைவிரலால் மேல் மண்ணைக் கீழே இழுத்துத் தேய்க்கும். உள்ளே அணை இல்லையென்றால் சுவர் குழிந்துபோகும். பிதுங்கி வந்த குழம்பு மறைந்து, கோடே தெரியாமல் போகிறவரை தேய்க்கணும். ஐந்து வயதுப் பிள்ளை நாலு தேய்ப்பில் "முடிஞ்சிருச்சு" என்று கையை எடுத்துவிடும். அப்போது இருவரையும் இடம் மாறிக்கொள்ளச் சொல். அடுத்தவர் ஒட்டு நிற்பது தன் விரலில் இருக்கிறது என்பது அந்த வேலையிலேயே அவர்களுக்குப் புரியும்.

பிறகு விரல் கனத் திரிகளை வளையம் வளையமாக ஏற்றி, ஆளுக்கு ஒரு வளையம் என்று முறைபோட்டு வயிற்றை மூடுங்கள். வயிற்றுக்கடியில் விரல் நுழைகிற ஓட்டை ஒன்று கட்டாயம். மூன்றாம் நாள் செங்கல்லை எடுத்துவிடு. கால் சுருங்கி உடம்பு கீழே இறங்கும்போது செங்கல் அசையாமல் நின்றால் வயிறு கிழியும்.

கழுத்து, தலை, காது, வால் மூன்றாம் நாள். பிடரிக்கும் சேணத்துக்கும் மணிக்கும் அவரவர் இஷ்டம், அங்கே நீ வாயே திறக்காதே. ஒரு நாளைக்கு 40 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குதிரை சேறாகிவிடும். ஈர ஸ்பாஞ்சு மட்டும் கொடு. பிள்ளை செய்ததில் உன் கை படக்கூடாது. உனக்கென்று ஒரு உருண்டை வைத்துக்கொண்டு அதில் செய்து காட்டு. கோணல் மூக்கை நீ நிமிர்த்தினால், மறுநாளிலிருந்து ஐந்தும் உன் கையையே பார்த்துக்கொண்டு உட்காரும்.

காயவைப்பது நிழலில், ஃபேன் காற்று படாமல். முதல் மூன்று நாள் பிளாஸ்டிக் போர்வை, காதுக்கும் வாலுக்கும் தனியாக ஈரத்துணி, ஏனென்றால் மெல்லியது முந்திக் காயும். இரண்டு வாரம் ஆகும். குதிரை மேல் கன்னத்தை வைத்துப் பார், ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அப்படியே சூட்டில் வைத்தால் நீராவி வெடித்துத் தூளாக்கிவிடும்.

தரையைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டாதே, அந்தத் தூசி பிள்ளைகள் நெஞ்சுக்கு ஆகாது, ஈரத்துணியால் துடை. கை கழுவின தண்ணீரை வாளியில் தெளியவிட்டுக் கொட்டு. அபார்ட்மெண்ட் குழாய் அடைத்துக்கொள்ளும்.

சுடுவதற்காக ஊருக்குக் கொண்டுவர நினைக்காதே. காய்ந்த பச்சை மண் பஸ் குலுக்கலுக்குத் தாங்காது. அங்கே குயவர் சூளை கிடைத்தால் கொடு. கிடைக்காவிட்டால் மழை படாத இடத்தில் சுடாமலே நிற்கட்டும். வருஷம் முடிந்ததும் உடைத்துத் தண்ணீரில் போட்டால் அடுத்த பிள்ளைகளுக்கு அதே மண்.

பார்சல் ஆபீஸில் நாளைக் காலையில் கேள். சாக்கு வாயில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா