பனிமூட்டத்தில் இறங்குவது பற்றி

லக்ஸம்பர்க்
மார்கழி 13

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேலை அதிகம் என்று சாக்குச் சொல்ல மனம் வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். கண்ணே தெரியாத பனியில் அவ்வளவு பெரிய சரக்கு விமானத்தை எப்படி இறக்குகிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். அதை நினைத்து அம்மா தூங்குவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இதை அம்மாவுக்கு நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.

இங்கே விமான நிலையம் மேட்டின் மேல் இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து 376 மீட்டர். மேகம் கொஞ்சம் தாழ்ந்தாலே ரன்வேக்கு அது பனிமூட்டம்தான். கீழ்வீட்டுப் பாட்டி தினமும் விடியற்காலையில் வாசலில் நின்று தெருவிளக்குகளை எண்ணுவார். மாடிப்படியில் என்னைப் பார்த்தால் இரண்டு விரலோ மூன்று விரலோ காட்டுவார், இன்றைக்கு அத்தனை விளக்கு தெரிகிறது என்று அர்த்தம். முன்பெல்லாம் விமான நிலையங்களிலும் ஓர் ஆள் ரன்வே ஓரத்தில் நின்று இப்படித்தான் எண்ணிச் சொல்வார். இப்போது தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடங்களில் கருவி வைத்து அளந்து, எத்தனை மீட்டர் தெரியும் என்று ரேடியோவில் சொல்லிவிடுகிறார்கள்.

அந்த எண்ணை வைத்துத்தான் எல்லாமே. 550 மீட்டர் தெரிந்தால் சாதாரண முறையில் வரலாம். 200 அடி உயரத்தில் ரன்வே விளக்கு கண்ணில் பட வேண்டும். 300 மீட்டர் என்றால் 100 அடி வரை வரலாம். அதற்கும் கீழே, 75 மீட்டர் வரைக்கும், விமானம் தானே இறங்கும் முறை. இதற்கு விமானம், ரன்வே, விமானிகள் மூவருக்கும் அனுமதி இருக்க வேண்டும். ஒன்றுக்கு இல்லை என்றாலும் வேறு ஊருக்குப் போக வேண்டியதுதான். அதற்கான எரிபொருளைப் புறப்படும்போதே போட்டுக்கொள்வோம். வானத்தில் ஒரு மணி நேரம் சுற்றினால் எங்கள் 747 சரக்கு விமானம் ஏறக்குறைய 10 டன் குடிக்கும்.

75 மீட்டர் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். இறங்கும் வேகத்தில் விமானம் ஒரு நொடியில் அதைத் தாண்டிவிடும். கண்ணால் பார்த்துக் கையால் திருத்த நேரமே கிடையாது. அதனால்தான் 747-இல் ஒன்றுக்கு மூன்று ஆட்டோபைலட். ரன்வேயிலிருந்து இரண்டு ரேடியோ கதிர்கள் வரும்: ஒன்று நடுக்கோட்டைக் காட்டும், மற்றது 3 டிகிரி சரிவைக் காட்டும். 1,500 அடிக்குக் கீழே மூன்று ஆட்டோபைலட்டும் சரியாக இருந்தால் திரையில் 'லேண்ட் 3' என்று வரும். அந்த எழுத்தை ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் பார்த்து உறுதி செய்வார். 'லேண்ட் 2' என்று வந்தால் ஒன்று போய்விட்டது என்று பொருள். அப்புறம் 75 மீட்டரில் இறங்க அனுமதி இல்லை. ஏறக்குறைய 50 அடியில் மூக்கு தானே மெல்லத் தூக்கும், என்ஜின் தானே தணியும், சக்கரம் தொட்டபின் நடுக்கோட்டிலேயே ஓடும். வேகத்தைக் குறைக்கும் ரிவர்ஸை மட்டும் நாங்கள் இழுக்க வேண்டும்.

எங்கே தப்பு வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். கதிர் புறப்படும் ஆன்டெனாவுக்கு முன்னால் இன்னொரு விமானமோ லாரியோ நின்றால் கதிர் வளையும், அதைப் பிடித்து வரும் விமானமும் விலகும். அதனால் மூட்டமான நாளில் மற்ற விமானங்களைத் தள்ளியே நிறுத்துவார்கள், இறங்குபவற்றுக்கு இடையே இடைவெளியும் கூட்டுவார்கள். இன்னொன்று கண் செய்யும் மோசம். நம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மார்கழியில் கிணறு தெளிவாகத் தெரியும். வரப்பில் இறங்கி நின்றால் பத்தடி தள்ளி இருப்பது தெரியாது, இல்லையா? அதேதான். நேர் மேலே இருந்து முழுசாகத் தெரியும் ரன்வே, சாய்வாகப் பார்க்கும்போது மறைந்துவிடும். மேலே பார்த்ததை நம்பி ஆட்டோபைலட்டை எடுத்துவிடக் கூடாது. இருக்கையைத் தாழ்த்தி உட்கார்ந்தாலும் மூக்கு மறைத்து, தெரியும் சில மீட்டரும் போய்விடும். நடுக்கோட்டில் 15 மீட்டருக்கு ஒரு விளக்கு. நாலைந்து தெரிந்தால் அதுவே பெரிது.

சந்தேகம் வந்தால் ஒரே பட்டன், விமானம் மேலே ஏறிவிடும். ஏறும் முன் சக்கரம் ஒரு கணம் தரையைத் தொட்டாலும் பரவாயில்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அதற்காக யாரும் கேள்வி கேட்பதில்லை. இதை அம்மாவுக்கு இரண்டு முறை படியுங்கள்.

உண்மையில் எனக்குக் கவலை இறங்கியபின்தான். 2001-இல் மிலான் லினாட்டேயில் மூட்டத்தில் ஒரு சிறு ஜெட் வழி தவறி ரன்வேக்குள் வந்துவிட்டது. புறப்பட்டுக்கொண்டிருந்த பயணிகள் விமானம் அதில் மோதி 118 பேர் போனார்கள். தரை ரேடார் அன்று இயங்கவில்லை. அதனால் பச்சை விளக்கு வரிசையைப் பிடித்து நடை வேகத்தில்தான் போவோம். சிவப்பு விளக்கு எரிந்தால் யார் சொன்னாலும் தாண்டுவதில்லை.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அம்மா கொடுத்த ரசப்பொடி அடி டப்பாவில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறேன். இந்த ஊர்ப் பனிக்கு ஒரு வாசனையும் இல்லை அப்பா. வைக்கோல், சாணம் தெளித்த வாசல், கோயில் வெண்பொங்கல் எதுவும் இல்லாமல் விடிகிறது. பொங்கலுக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

அம்மாவுக்கு வலது கண்ணில் புகைபோல் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்களே, அதைத் தை பிறக்கட்டும், மாசி பிறக்கட்டும் என்று தள்ள வேண்டாம். தங்கச்சியை ஒரு நாள் லீவு போடச் சொல்லி மதுரைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். லென்ஸ் செலவு என்னுடையது. இந்த மாதம் பணம் பத்து நாள் தள்ளி வரும். பேங்கில் ஏதோ மாற்றம், வேறொன்றும் இல்லை. சித்தப்பா கேட்கும் கிணற்றுப் பங்குக்கு நான் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். போகிக்குத் தம்பி பழைய டயரைத் தீயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் புகையும் பனியும் சேர்ந்துதான் சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்புகின்றன.

மோட்டார் ரீவைண்டிங்குக்கு எவ்வளவு கேட்டான் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
பெரியவன்