குப்பையை அள்ளினால் போதுமா?

ஆசிரியருக்கு,

வடசென்னையில் உள்ள கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலை நடப்பதில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அடியில் இருக்கும் தரை? பல பத்தாண்டுகளாகக் குப்பையிலிருந்து கசிந்த கறுப்புத் தண்ணீர் ஊறிய நிலம் அது. மேலே புல் பதித்து, பூங்கா என்று பலகை வைத்தால் சரியாகிவிடாது. மண்ணிலும் நிலத்தடி நீரிலும் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று ஆழம்வாரியாகப் பரிசோதித்து, முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும். அப்புறம், அங்கே என்ன வரலாம் என்று சுற்றுவட்டார மக்களைக் கேளுங்கள். இத்தனை காலம் புகையையும் நாற்றத்தையும் சுமந்த வடசென்னைக்குக் குப்பை எரிக்கும் ஆலையைத் தருவது நியாயமே இல்லை. பிள்ளைகளுக்கு மைதானம், நிழலுக்கு மரங்கள், இவைதான் எங்களுக்கு வேண்டும்.

- வாசகர், எருக்கஞ்சேரி, சென்னை