வெள்ளத்துல எங்க பக்கத்துல வந்து நின்ன எல்லாருக்கும்

ஆண்டவருடைய நாமத்துல எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஏரல் பக்கத்துல தாமிரபரணிக் கரையோர ஊர்ல இருந்து எழுதுறேன். 2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் எங்க தூத்துக்குடி ஜில்லா, திருநெல்வேலி ஜில்லா பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டிச்சு, வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டிய மழை ஒரு ராத்திரி ஒரு பகல்ல வந்தா ஆறும் குளமும் எங்கதான் தாங்கும். அந்த நேரத்துல எங்களுக்குக் கை கொடுத்தவங்களுக்கு ஒவ்வொருத்தரா நேர்ல வந்து நன்றி சொல்ல வழியில்ல, பாதிப் பேரு ஊரும் தெரியாது, அதான் எல்லாரும் பாக்குற மாதிரி இங்க எழுதுறேன்.

முதல்ல எங்க மேலத்தெரு அண்ணாச்சி வீட்டுக்கு. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் வீடு வீடாப் பாடிப் போற கிறிஸ்துமஸ் கீத பவனிக்குப் பிள்ளைங்க டிரெஸ் எல்லாம் எடுத்து வச்சிருந்தோம், மழை விடல, கரண்டும் போயிருச்சு, ராத்திரி வாசப்படி தாண்டி தண்ணி வந்தப்போ மழைத்தண்ணிதான்னு நெனச்சோம், கொஞ்ச நேரத்துல செம்மண் கலர்ல இழுப்போட வந்துச்சு பாருங்க, ஆறு உடைச்சிருச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது. எங்க அத்தைக்கு இடுப்பெலும்பு உடைஞ்சு படுத்த படுக்கை. அண்ணாச்சியும் அவரு பையனும் இடுப்பளவு தண்ணில வந்து அவங்களை நைலான் கட்டிலோட தூக்கி அவங்க வீட்டு மொட்டமாடிக்குக் கொண்டு போனாங்க. அவங்க மாடு ரெண்டு தொழுவத்துல கட்டிக் கெடந்துச்சு, அதை அவுத்து விடப் போறதுக்கு முன்னாடி எங்க அத்தையத்தான் தூக்குனாங்க. ஒரு மாடு கிடைக்கல. அண்ணாச்சி, மதினி, நீங்க அதைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல, ஆனா நாங்க மறக்க மாட்டோம்.

ரெண்டாவது எங்க அத்தைக்கே. மாடியில தார்ப்பாய்க்கு அடியில எங்க ரெண்டு குடும்பமும் பக்கத்து வீட்டுக்காரங்களும் சுருண்டு கெடக்கோம், நாலாபக்கமும் தண்ணி இரையுற சத்தம், போன்ல டவர் இல்ல, எங்கயோ ஆடு கத்துறது கேக்கும் பிறகு கேக்காது. நான் ஜெபம் பண்ணினேன், ஜெபம்னு சொல்றதை விட சண்டைன்னு சொல்லலாம், ஆண்டவரே நாங்க சாகுறது உமக்குக் கவலையில்லையான்னு. அத்தை அதைக் கேட்டுட்டுச் சொன்னாங்க, "ஏட்டி, சீஷங்களும் இதைத்தான் கேட்டாங்க." பைபிள்ல மாற்கு நாலாம் அதிகாரத்துல, புயல்ல படகுல தண்ணி நிரம்புறப்போ, தூங்கிக்கிட்டிருந்த இயேசுவை எழுப்பி அவங்க கேட்ட கேள்வி, "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா." சண்டே ஸ்கூல்ல இருந்து கேட்ட கதைதான், ஆனா அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது, அவங்க உம்மால முடியாதான்னு கேக்கல, உமக்கு எங்க மேல அக்கறை இல்லையான்னுதான் கேட்டிருக்காங்க. தண்ணிக்குப் பயந்தது ஒரு பங்குன்னா, நம்மள நேசிக்க யாரும் இல்லையோங்கிற பயம் ஒன்பது பங்கு. இயேசு அவங்களை அதட்டி படகை விட்டு இறக்கி விடலையே, அதே படகுல அவங்க கூடத்தான இருந்தாரு, அவரும் நனைஞ்சிருப்பாரு. அத்தை 46ஆம் சங்கீதத்தைப் பாக்காம சொல்ல ஆரம்பிச்சாங்க, தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும்னு, நாம் பயப்படோம்ங்கிற இடம் வரும்போது மதினி வீட்டுச் சின்னப் பிள்ளையும் கூடச் சேர்ந்து சொல்லுது. 1992 வெள்ளத்தையும் பாத்த மனுஷி அத்தை. எனக்கு நடுக்கம் அப்பவும் நிக்கல, ஆனா அந்தக் கேள்வி நின்னுபோச்சு, அதுக்கப்புறம் பயம் என்னைய ஆட்டிப் படைக்கல.

மறுநாள் சாயங்காலம் பைபர் வள்ளத்துல வந்த கடற்கரைத் தம்பிங்களுக்கு என்ன சொல்ல. கடல்ல ஓட்டுற வள்ளத்தை லாரியில ஏத்திக் கொண்டாந்து, ரோடு முடிஞ்ச இடத்துல இறக்கி, வாழைத்தோட்டம் எது தெரு எதுன்னு தெரியாத தண்ணில கம்பு ஊனி ஊனி வந்தீங்க. கரண்டு கம்பி எங்க தொங்குதுன்னு தெரியாது, மதில் சுவரு எங்க இருக்குன்னு தெரியாது. கழுத்துல மாதா சொரூபம் போட்ட தம்பிகிட்ட நான் பயமா இல்லையாப்பான்னு கேட்டேன், இருக்குக்கா, அதுக்காக உங்களை விட்டுட்டா போக முடியும்னு சொல்லிட்டு அத்தையைக் கட்டிலோட வாங்கினான். பெரிய பெரிய கன்வென்ஷன்ல எல்லாம் உட்கார்ந்திருக்கேன், அந்த ஒரு பதில் மாதிரி எனக்கு யோவான் நிருபத்தை விளக்கினது எதுவும் இல்ல. பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்னு படிக்கிறோமே, அப்படித் தள்ளுறதை நான் கண்ணால பாத்தேன்.

அடுத்து சின்னதா சொன்னாலும் பெரிய நன்றிகள். எங்களைத் தங்க வச்ச மண்டபத்துல இருந்தப்போ வேளா வேளைக்குச் சாப்பாடு கொண்டாந்த பள்ளிவாசல் பாய்மாருங்களுக்கு, அவங்க சொந்தக்காரங்க வீடும் தண்ணில தான் கெடந்துச்சு. அத்தைக்குப் புண் வராம திருப்பிப் படுக்க வச்ச நர்ஸ் தங்கச்சிக்கு. வெளி மாவட்டத்துல இருந்து வந்து கம்பம் நட்ட ஈபி லைன்மேன்களுக்கு. முழங்கால் சேத்தை அள்ளின துப்புரவுப் பணியாளர்களுக்கு, உங்க கையில கிளவுஸ் கூடச் சரியா இல்ல, எங்க வீட்டுச் சேத்தை நீங்க அள்ளினீங்க. சென்னையில இருந்தும் மும்பையில இருந்தும் பாயும் போர்வையும் அனுப்பின எங்க சனங்களுக்கு. அந்த ராத்திரி ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ்ல மாட்டிக்கிட்ட கிட்டத்தட்ட 800 பேருக்கும் பக்கத்து ஊர்க்காரங்க இருந்த அரிசியப் போட்டுச் சமைச்சுக் குடுத்தாங்கன்னு பிறகு கேள்விப்பட்டோம், அவங்களுக்கும் சேர்த்தே சொல்றேன், எங்க மண்ணு ஆளுங்க நீங்க.

எங்க சேகரத்து ஐயருக்கு, அதாவது எங்க சபைப் போதகருக்கு, ஒரு தனி நன்றி. தண்ணி வடிஞ்ச உடனே இன்னொரு வெள்ளம் வந்துச்சு, அது பேச்சு. இது பாவத்துக்கு வந்த தண்டனை, ஆண்டவர் சாட்டை எடுத்துட்டாருன்னு ஆளாளுக்கு சொன்னாங்க, வாட்ஸப்லயும் வந்துச்சு. வீடு இழந்தவங்க காதுல அது எப்படி விழும்னு யோசிக்கல. டிசம்பர் 24 ஞாயிறு, கோயில்ல பெஞ்செல்லாம் ஊறிப்போய் வெளிய கெடக்கு, தரையில சாக்கு விரிச்சு உட்கார்ந்திருக்கோம், ஐயர் அங்கி கூட இல்லாம நின்னு லூக்கா ரெண்டாம் அதிகாரத்தை வாசிச்சாரு. ராத்திரியில வயல்வெளியில கெடந்த மேய்ப்பருக்கு தூதன் சொன்ன முதல் சொல்லே பயப்படாதிருங்கள் தான். ஐயர் சொன்னாரு, தண்டிக்க நெனச்சிருந்தா சாட்டையோட வந்திருப்பாரு, தொட்டில்ல பிள்ளையா வந்திருக்க மாட்டாரு, நம்ம தண்டனை சிலுவையில முடிஞ்சு போச்சு, திரும்ப வசூல் பண்ண மாட்டாருன்னு. எனக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்த அக்கா சத்தமில்லாம அழுதாங்க, அவங்க வீடு மொத்தமா விழுந்திருந்துச்சு, அத்தனை நாளும் நான் என்ன பாவம் செஞ்சேன் என்ன பாவம் செஞ்சேன்னு தான் புலம்பிக்கிட்டு இருந்தாங்க.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடணும். நாங்க பிழைச்சதனால ஆண்டவருக்கு எங்க மேல அன்புன்னு நான் சொல்ல வரல. அந்த வெள்ளத்துல உயிர் போனவங்க உண்டு, அவங்களும் ஜெபம் பண்ணினவங்க தான், அவங்க வீட்டு ஆளுங்க முன்னாடி நின்னு அப்படி ஒரு சாட்சி என்னால சொல்ல முடியாது. ரோமர் எட்டுல பவுல் மரணமானாலும் ஜீவனானாலும்னு ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்றாரு, எதுவும் தேவனுடைய அன்பை விட்டு நம்மைப் பிரிக்க மாட்டாதுன்னு. தண்ணி இன்னும் ரெண்டடி ஏறியிருந்தாலும் அந்த அன்பு அதே அன்புதான், இதை நம்பினதுக்கு அப்புறம்தான் எனக்கு உண்மையான விடுதலை வந்துச்சு. உசுரு தப்பிச்சா நேசிக்கிறாரு, போனா கைவிட்டுட்டாருன்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தா ஒவ்வொரு மழைக்கும் நான் செத்துச் செத்துப் பிழைக்கணும்.

இப்பவும் தகர ஷெட்ல மழை விழுந்தா என் மகன் எந்திச்சு உட்கார்ந்துக்குவான். நானும் எந்திச்சு அவன் பக்கத்துல உட்காருவேன், வாசல்ல போய் டார்ச் அடிச்சு ரெண்டு பேருமா தண்ணி வருதான்னு பாத்துட்டு, ஜெபம் பண்ணிட்டுப் படுத்துக்குவோம். பயம் வரும், வந்துட்டுப் போகும். சர்டிபிகேட், பத்திரம் எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல கட்டி பரண்ல வச்சிருக்கோம், விசுவாசம் இருக்குன்னு அதையெல்லாம் செய்யாம இருக்கல.

வள்ளக்காரத் தம்பிங்களே, உங்க கயிறு ஒரு சுருளும் மஞ்சக் கலர் ரெயின்கோட்டும் எங்க வீட்டுல தான் இருக்கு, கழுவிக் காயப்போட்டு வச்சிருக்கேன். இதைப் படிக்கிற யாருக்காவது அவங்களைத் தெரிஞ்சா சொல்லுங்க. டிசம்பர் மாசம் அதிரசமும் முந்திரிக்கொத்தும் சுடுவோம், குடும்பத்தோட வாங்க, அண்ணாச்சி வீட்டு மாடியிலயே எல்லாருக்கும் இலை போடலாம்னு மதினி சொல்லியிருக்காங்க. அத்தை இன்னும் இருக்காங்க, கட்டிலைத் தூக்கின பிள்ளைங்க எப்ப வருவாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க.

கர்த்தர் உங்களையும் உங்க பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
ஏரல் பக்கத்துல இருந்து உங்க சகோதரி